ஆசிரியையின் பெயரைச் சூடிய குரல்

செக் குடியரசின் 2,000 கொருனா பணத்தாளின் முன்பக்கத்தில் ஒரு பெண்ணின் முகம் அச்சிடப்பட்டிருக்கிறது. நான்காம் கார்ல் மன்னர், கல்வியாளர் கொமேன்ஸ்கி, வரலாற்றாசிரியர் பாலாட்ஸ்கி, முதல் குடியரசுத் தலைவர் மாசரிக் என்று நீளும் அந்நாட்டுப் பணத்தாள்களின் வரிசையில் மேடைப் பாடகி இவர் ஒருவரே. தாளைத் திருப்பினால், இசைக்கும் கவிதைக்கும் உரிய கிரேக்கக் கலைத்தெய்வமான யூட்டர்ப்பியின் உருவமும், வயலின், செல்லோ ஆகியவற்றின் வளைவுகளும், பெரிய ‘டி’ என்னும் ரோமன் எழுத்தும் தெரிகின்றன. டெஸ்டினோவா என்ற பெயரின் முதல் எழுத்து அது. அந்தப் பெயரோ அவருடைய தந்தை வழியில் வந்ததன்று. கணவர் வழியில் வந்ததுமன்று. அவருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் பெயர் அது.

எமா டெஸ்டினோவா 1878 பிப்ரவரி 26 அன்று பிராக் நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் எமிலி பாவ்லீனா வென்செஸ்லாவா கிட்லோவா. தந்தை எமானுவல் கிட்ல் வசதி படைத்தவர், கலைஞர்களை ஆதரித்தவர்; தாய் இன்டர்ஷிஷ்கா பாடத் தெரிந்தவர். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த குழந்தையின் கையில் முதலில் கொடுக்கப்பட்டது வயலின். பெர்டினாண்ட் லாஹ்னர் என்ற புகழ்பெற்ற வயலின் ஆசிரியரிடம் பயின்ற சிறுமி, எட்டு வயதிலேயே மேடையில் வாசித்தாள். பிற்காலத்தில் அவருடைய பாட்டைக் கேட்டவர்கள் குறிப்பிட்ட துல்லியமான சுருதியையும், ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்கு இடைவெளி தெரியாமல் வழுக்கிச் செல்லும் நீண்ட மூச்சையும் நினைக்கும்போது, அந்தக் குரலுக்குள் ஒரு வில் ஓடிக்கொண்டிருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. வயலின் கற்ற குழந்தைக்குச் சுரம் எங்கே இருக்கிறது என்பதைக் காது சொல்லித்தர வேண்டும்; விரல் வைக்க அந்த வாத்தியத்தில் கட்டை எதுவும் கிடையாது. அப்படிப் பழகிய காது பாடகிக்குப் பெரிய சொத்து.

பதின்ம வயதில் அவர் வயலினிலிருந்து பாட்டுக்கு மாறினார். பிராக் நகரில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவந்த மரீ லோவே-டெஸ்டின் என்ற முன்னாள் பாடகியிடம் அவர் பல ஆண்டுகள் பயின்றார். ஓபரா என்னும் இசைநாடகத்தில் பாடுகிறவருக்கு ஒலிபெருக்கி கிடையாது என்பதை இந்த இடத்தில் நினைவில் கொள்ள வேண்டும். எழுபது, எண்பது பேர் கொண்ட வாத்தியக்குழு முழு வீச்சில் ஒலிக்க, அதைத் தாண்டித் தன் குரல் இரண்டாயிரம் பேர் அமர்ந்த அரங்கின் கடைசி வரிசையைத் தொட வேண்டும். தொடுவதற்காகக் கத்தவும் கூடாது, கத்தினால் குரல் சில ஆண்டுகளில் கெட்டுவிடும். மூச்சை விலாவுக்குள் தாங்கிப் பிடிப்பது, நெஞ்சிலிருந்து எழும் ஒலியும் தலையில் அதிரும் ஒலியும் சேரும் இடத்தில் தையல் தெரியாமல் இணைப்பது, உச்சத்தில் பாடும்போதும் சொல்லைத் தெளிவாக வைத்திருப்பது ஆகிய எல்லாவற்றையும் ஓர் ஆசிரியர் எதிரே நின்று, கேட்டுக் கேட்டு, திருத்தித் திருத்தித்தான் தர முடியும். பாடுகிறவருக்குத் தன் குரல் வெளியே எப்படிக் கேட்கிறது என்பது தெரியாது. அவர் கேட்பது தன் எலும்புகளின் வழியே வரும் வேறொரு ஒலியை. எனவே முதல் சில ஆண்டுகளுக்கு மாணவியின் காது ஆசிரியையிடமே இருக்கிறது. இப்படி ஒரு கடனைச் சுமந்த மாணவி, மேடைக்கு வரும்போது கிட்லோவா என்ற பெயரை விட்டுவிட்டு எம்மி டெஸ்டின் என்ற பெயரைச் சூடிக்கொண்டதில் வியப்பதற்கு எதுவும் இல்லை.

அந்தப் பெயருக்கு வரவேற்பு எளிதில் கிடைத்துவிடவில்லை. 1897ஆம் ஆண்டுவாக்கில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஓபராவில் பாடிக்காட்டினார், ஏற்கவில்லை. பிராக் தேசிய அரங்கில் பாடிக்காட்டினார், அங்கும் ஏற்கவில்லை. இந்த இரண்டாவது மறுப்பின் கனத்தைப் புரிந்துகொள்ள அந்த அரங்கின் கதை சற்றுத் தெரிந்திருக்க வேண்டும். அப்போது பிராக் நகரை உள்ளடக்கிய பொகீமியா ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஒரு பகுதி. ஆட்சியின் மொழி, உயர்குடியின் மொழி, நாகரிகத்தின் மொழி எல்லாம் ஜெர்மன். செக் மொழியில் நாடகமும் ஓபராவும் நடக்க ஓர் அரங்கு வேண்டும் என்று ஊர் ஊராக மக்களிடம் திரட்டிய நன்கொடையில் எழுந்தது அந்தக் கட்டடம். 1881இல் திறக்கப்பட்டு, சில வாரங்களிலேயே தீக்கு இரையாகி, மீண்டும் மக்களிடம் பணம் திரட்டி 1883இல் திறக்கப்பட்டது. மேடைக்கு மேலே ‘தேசம் தனக்காகவே’ என்ற பொருளுடைய செக் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த அரங்கு எழும்போது குழந்தையாக இருந்தவர் எமா. அதன் வாசலில்தான் அவருக்கு இடமில்லை என்று சொல்லப்பட்டது.

அவர் பெர்லினுக்குப் போனார். 1898 ஜூலையில், கோடைக்காலத்தில் பெர்லின் அரசவை ஓபரா பயன்படுத்திவந்த க்ரோல் அரங்கில், மஸ்கான்யியின் ‘கவல்லேரியா ருஸ்திகானா’ ஓபராவில் சாந்துட்சா வேடத்தில் அவருடைய அரங்கேற்றம் நடந்தது. அப்போது வயது 20. அடுத்த பத்தாண்டுகள் பெர்லின் அவருடைய ஊராயிற்று. ஜெர்மானியப் பார்வையாளர்கள் ஜெர்மன் மொழியில் கேட்டு வளர்த்த குரல் அது என்பதை மறைப்பதற்கில்லை. பிறகு செக் தேசியத்தின் குரலாக அவர் கொண்டாடப்பட்டபோது சிலர் இதை மறந்துவிட விரும்பினார்கள் என்றாலும், அவர் மறக்கவில்லை என்றே அவருடைய இசைத்தட்டுகள் சொல்கின்றன.

1901இல் ஜெர்மனியின் பாய்ராய்ட் நகரிலிருந்து அழைப்பு வந்தது. இசையமைப்பாளர் ரிஷார்ட் வாக்னரின் ‘பறக்கும் டச்சுக்காரன்’ ஓபரா, வாக்னர் தம் படைப்புகளுக்காகவே கட்டிய அந்த அரங்கில் அதுவரை மேடையேறியதில்லை. அவர் மனைவி கோசிமா வாக்னர் நடத்திய அந்த விழாவில், ஃபீலிக்ஸ் மோட்டல் இசையை நடத்த, நாயகி செண்டாவாகப் பாடியவர் 23 வயதுப் பிராக் நகரப் பெண். அதே ஆண்டில்தான் ‘புயலும் அமைதியும்’ என்ற பொருளுடைய தலைப்பில் அவருடைய செக் கவிதைத் தொகுதியும் வெளிவந்தது. பகலில் ஜெர்மன் பாத்திரங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்த ஒருவர் கவிதையைத் தாய்மொழியில் எழுதினார் என்பதை நான் ஒரு சிறு குறிப்பாகக் கடந்துபோக மாட்டேன்.

ரிஷார்ட் ஸ்ட்ராஸ் எழுதிய ‘சலோமே’ 1905 டிசம்பரில் டிரெஸ்டனில் முதன்முறையாக மேடையேறியது. விவிலியக் கதையில் யோவானின் தலையைக் கேட்டுப் பெறும் இளவரசி, வெட்டப்பட்ட தலையை முத்தமிடுவதுடன் முடியும் அந்த ஓபராவைப் பெர்லின் அரசவை அரங்கில் அனுமதிக்க அரண்மனைக்குத் தயக்கம் இருந்தது. முடிவில் வானத்தில் பெத்லகேம் விண்மீன் எழுவதைக் காட்டி, கிறிஸ்துவின் வருகையை உணர்த்திவிடலாம் என்று அரங்கின் நிர்வாகி ஹ்யூல்சன் ஒரு வழி கண்டுபிடித்த பிறகே ஜெர்மன் பேரரசரான கைசர் இணங்கினார். 1906 டிசம்பர் 5 அன்று நடந்த அந்த மேடையேற்றத்தில் ஸ்ட்ராஸ் தாமே இசையை நடத்த, சலோமேயாகப் பாடியவர் எம்மி டெஸ்டின். மறு ஆண்டு பாரிஸில் ஷாத்லே அரங்கில் அந்த ஓபரா அறிமுகமானபோதும் ஸ்ட்ராஸ் அழைத்துச் சென்றது அவரைத்தான். பதின்வயதுப் பெண்ணின் இளமையும், பெரும் வாத்தியக்குழுவை எதிர்கொள்ளும் வலிமையும் ஒரே தொண்டையில் இருக்க வேண்டும் என்று கேட்கும் பாத்திரம் அது; இன்றும் அதைப் பாடத் துணிபவர்கள் குறைவு.

இதற்கிடையே லண்டன் அவரைத் தனதாக்கிக்கொண்டது. 1904இல் கோவென்ட் கார்டன் அரங்கில் மோட்சார்ட்டின் ஓபராப் பாத்திரமான டோனா ஆன்னாவாக அறிமுகமானவர், 1905 ஜூலை 10 அன்று அங்கு முதன்முறையாக மேடையேறிய புச்சீனியின் ‘மதாம் பட்டர்ஃப்ளை’யில் புகழ்பெற்ற இத்தாலியப் பாடகர் என்ரிகோ கரூசோவுடன் பாடினார். முந்தைய ஆண்டு மிலானில் முதல் இரவிலேயே கூச்சலிட்டு விரட்டப்பட்ட ஓபரா அது. திருத்தி எழுதப்பட்டு உலகைச் சுற்றத் தொடங்கியிருந்த வேளையில், ஜப்பானியப் பெண்ணின் காத்திருப்பை லண்டன் மேடைக்கு முதலில் கொண்டுவந்தவர் டெஸ்டின். சலோமேயையும் பட்டர்ஃப்ளையையும் ஒரே காலத்தில் பாடிய குரல் என்பதே அவருடைய தொழில்வாழ்வின் தனித்தன்மை. முன்னதற்குக் கனம் வேண்டும், பின்னதற்கு மென்மை வேண்டும். இரண்டையும் ஆள முயன்று இரண்டையும் இழந்தவர்கள் பலர்.

1908 நவம்பர் 16 அன்று நியூயார்க் மெட்ரோபொலிட்டன் ஓபராவின் பருவம் வெர்டியின் ‘ஐடா’வுடன் தொடங்கியது. அன்று அந்த அரங்குக்குப் புதியவர்களில் இருவர்: வாத்தியக்குழு நடத்துநர் ஆர்துரோ தொஸ்கனினி, ஐடாவாகப் பாடிய எம்மி டெஸ்டின். ராடமெஸ் வேடத்தில் கரூசோ. அடுத்த சில மாதங்களில் டால்பெர்ட், கத்தலானி ஆகியோரின் ஓபராக்களை அந்த அரங்குக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. ஆனால் அந்தப் பருவத்தில் அவருக்கு மிக நெருக்கமான இரவு 1909 பிப்ரவரி 19 ஆகத்தான் இருந்திருக்க வேண்டும். செக் மக்கள் தங்கள் தேசிய ஓபராவாகவே கருதும் ஸ்மெட்டனாவின் ‘விற்கப்பட்ட மணப்பெண்’ அன்று முதன்முறையாக மெட்ரோபொலிட்டன் மேடையேறியது. இசையை நடத்தியவர் பொகீமியாவில் பிறந்த குஸ்தாவ் மாலர். கிராமத்துப் பெண் மர்ஷெங்காவாகப் பாடியவர் டெஸ்டின். நடனத்துக்கு பொகீமிய ஆட்டக்காரர்கள் வரவழைக்கப்பட்டிருந்தார்கள். பாடப்பட்ட மொழி மட்டும் ஜெர்மன். செக் ஓபரா உலகுக்குள் நுழைய அப்போது வேறு வாசல் இருக்கவில்லை. மறு ஆண்டு சைகோவ்ஸ்கியின் ‘ஸ்பேட் ராணி’யையும் மாலர் அங்கே நடத்தியபோது, லீசாவாக டெஸ்டினும் ஹெர்மனாக மொராவியாவில் பிறந்த லியோ ஸ்லெசாக்கும் பாடினார்கள்.

1910 டிசம்பர் 10. மெட்ரோபொலிட்டன் ஓபராவின் வரலாற்றில் ஒரு படைப்பு உலகிலேயே முதன்முறையாக அங்கே மேடையேறிய முதல் நாள் அது. அமெரிக்க நாடகாசிரியர் டேவிட் பெலாஸ்கோவின் நாடகத்தை வைத்து புச்சீனி எழுதிய ‘மேற்கின் பெண்’ என்ற ஓபராவுக்கு நுழைவுக் கட்டணம் இரட்டிப்பாக்கப்பட்டிருந்தது. புச்சீனி நேரில் வந்திருந்தார், பெலாஸ்கோ மேடை ஒத்திகைகளைக் கவனித்தார், தொஸ்கனினி நடத்தினார், கொள்ளைக்காரன் டிக் ஜான்சனாக கரூசோ, ஷெரிஃப் ஜாக் ரான்ஸாக பாஸ்குவாலே அமாட்டோ. இத்தனை பெரிய ஆண்களுக்கு நடுவே, கலிபோர்னியத் தங்கச் சுரங்க முகாமில் மதுக்கடை நடத்தும் மின்னியாக டெஸ்டின்.

மின்னி எத்தகைய பாத்திரம் என்று சற்று நின்று பார்க்கலாம். பெயருள்ள பெண்பாத்திரங்கள் அந்த ஓபராவில் இரண்டே இரண்டு, மற்றெல்லாம் ஆண்குரல்கள். முகாமில் சண்டை மூளும் வேளையில் துப்பாக்கியுடன் நுழையும் மின்னி, அந்தக் கணத்திலிருந்து அத்தனை ஆண்குரல்களையும் தாங்கி நிற்க வேண்டும். சுரங்கத் தொழிலாளர்களுக்கு விவிலியம் படித்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையும் அவள்தான். இரண்டாம் அங்கத்தில், காயம்பட்ட காதலன் பரணில் ஒளிந்திருக்க, அவன் உயிரையே பந்தயமாக வைத்து ஷெரிஃபுடன் சீட்டாடுகிறாள். அந்தச் சீட்டாட்டத்தில் வாத்தியக்குழு ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. இதயத் துடிப்புப் போன்ற தாழ்ந்த ஒலி மட்டும் கேட்க, பாட்டும் பேச்சுமல்லாத குரலில் அவள் சீட்டின் எண்களைச் சொல்கிறாள். காலுறைக்குள் ஒளித்துவைத்த சீட்டை எடுத்து வென்றதும், அடக்கிவைத்த குரல் முழுவதும் ஒரே வீச்சில் வெடித்துக் கிளம்ப வேண்டும். மூன்றாம் அங்கத்தில் தூக்குக்கயிற்றின் கீழ் நிற்கும் காதலனைக் காக்கக் குதிரையேறி வருகிறாள். தனியாக நின்று கைத்தட்டல் வாங்கும் அழகிய பாட்டுகள் அதிகம் இல்லாமல், உரையாடலிலேயே குரலின் இரு எல்லைகளையும் தொடச்சொல்லும் இந்த வேடத்தைப் புச்சீனி ஒருவரை நம்பி எழுத முடிந்தது என்றால், அந்த நம்பிக்கையின் பின்னால் பிராக் நகரத்து ஆசிரியை ஒருவரின் பல ஆண்டு உழைப்பும் இருக்கிறது.

அவருடைய குரலை இன்றும் நாம் கேட்க முடிகிறது. 1901 முதல் அவர் இருநூறுக்கும் மேற்பட்ட பதிவுகளைச் செய்தார். 1908இல் பெர்லினில் புரூனோ சைட்லர்-விங்க்லர் நடத்த, ‘கார்மென்’, ‘ஃபௌஸ்ட்’ என்ற இரண்டு ஓபராக்களை ஜெர்மன் மொழியில் முழுமையாகவே பதிவுசெய்தார்கள். முழு ஓபராவைத் தட்டுகளில் அடைப்பது அப்போது மிகப் பெரிய துணிச்சல். ஒலிவாங்கி என்ற கருவி ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழையாத காலம் அது. அறைச் சுவரிலிருந்து நீண்டிருக்கும் ஒரு தகரக் கூம்பின் வாயருகே பாடகி நிற்பார். அவருடைய குரலின் அதிர்வே கூம்பின் மறுமுனையிலுள்ள மெல்லிய தகட்டை அதிரவைத்து, ஊசியை அசைத்து, சுழலும் மெழுகில் கோடு கீறும். உச்சக் குரலெடுத்தால் ஊசி துள்ளிவிடும் என்பதால் அந்த இடத்தில் பாடகி பின்னால் நகர வேண்டும், மெல்லப் பாடும்போது முன்னால் சாய வேண்டும். ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம்தான் கொள்ளும். தவறினால் மெழுகைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தக் கூம்பு, சோப்ரானோ என்னும் உயர்ந்த பெண்குரலின் மேல் அதிர்வுகளை ஏறக்குறைய முழுவதுமாக விழுங்கிவிடும். கரூசோவின் ஆண்குரல் அதில் கம்பீரமாகப் பதிந்ததற்கும், அவருடன் பாடிய பெண்குரல்கள் பல மெலிந்து கேட்பதற்கும் காரணம் இதுதான். அப்படியிருந்தும், ‘தோஸ்கா’வின் புகழ்பெற்ற வேண்டுதல் பாட்டை டெஸ்டின் பாடியிருப்பதைக் கேட்டால் முடிவில் குரல் உயர்ந்து, பிறகு ஓசையே இல்லாமல் தேய்ந்து, ஆனால் அறுந்துபோகாமல் நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. தட்டின் இரைச்சலுக்கு அடியில், ஒரு நூல் வெளிச்சத்தில் மின்னுவதுபோல அது தெரிகிறது. ட்வோர்ஷாக்கின் ‘ருசால்கா’விலிருந்து நிலவை நோக்கிய பாட்டையும் அவர் பதிவுசெய்திருக்கிறார். இன்று உலகெங்கும் சோப்ரானோக்கள் பாடும் அந்தப் பாட்டு, அவர் பாடியபோது செக் நாட்டுக்கு வெளியே அதிகம் பேர் அறியாத ஒன்று. அவருடைய குரலை முதன்முதலாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு இந்த இரண்டையும்தான் நான் சொல்வேன். முதல் முறை இரைச்சல்தான் கேட்கும். மூன்றாம் முறை பாட்டு கேட்கும்.

1913இல் ஒரு திரைப்படத்துக்காக அவர் சிங்கக் கூண்டுக்குள் நின்று பாடினார். அவரைப் பற்றிய எந்தக் கட்டுரையும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. துணிச்சலுக்குச் சான்றுதான், ஆனால் குரலைப் பற்றி அது எதுவும் சொல்லிவிடவில்லை.

1914இல் அவர் தென் பொகீமியாவில் நெஷார்கா ஆற்றங்கரையிலுள்ள ஸ்ட்ராஷ் என்ற சிற்றூரின் மாளிகையை வாங்கினார். மீன் பிடிப்பதில் அவருக்கு அடங்காத விருப்பம். உலகின் பெரிய அரங்குகளில் பாடி ஈட்டிய பணத்தில் அவர் வாங்கியது ஒரு கோட்டையை என்பதைவிட ஓர் ஆற்றங்கரையை என்று சொல்வதே பொருந்தும். அதே ஆண்டு போர் மூண்டது. அவருடன் மேடையிலும் வாழ்விலும் இணைந்திருந்த தின் கில்லி, அல்ஜீரியாவில் பிறந்த பிரெஞ்சுக் குடிமகன். மெட்ரோபொலிட்டன் அரங்கில் பாடிவந்த பாரிடோன், அதாவது நடுத்தர ஆண்குரல் பாடகர். இருவரும் சேர்ந்து பாடிய ‘நல்லிரவு, என் அன்பே’ என்ற நாட்டுப்பாடலின் இசைத்தட்டு இன்றும் கிடைக்கிறது. ஆஸ்திரியாவுக்கு கில்லி எதிரி நாட்டவர் ஆகிவிட்டதால் ஸ்ட்ராஷில் காவலில் வைக்கப்பட்டார். 1916இல் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய டெஸ்டினும், ஆஸ்திரிய ஆட்சியை எதிர்த்து இயங்கிய செக் விடுதலை இயக்கத்தினருடன் தொடர்புள்ளவர் என்ற காரணத்தால் கடவுச்சீட்டைப் பறிகொடுத்து, போர் முடியும்வரை நாட்டை விட்டு வெளியேற முடியாதவர் ஆனார்.

38 வயது. ஓபராப் பாடகியின் வாழ்வில் உச்சமான ஆண்டுகள் அவை. நியூயார்க்கும் லண்டனும் எட்டாத் தொலைவுக்குப் போய்விட்டன. அந்த ஆண்டுகளில் அவர் செக் நகரங்களில் பாடினார். பெர்லினும் பாரிஸும் கேட்ட குரலைச் சிற்றூர் மண்டபங்களில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் மொழியில் கேட்டார்கள். சொந்த அரசு இல்லாத மக்களுக்கு அந்தக் கச்சேரிகள் கச்சேரிகளாக மட்டும் இருந்திருக்க முடியாது. அந்தப் பாட்டுகளில் ஒன்றுகூடப் பதிவாகவில்லையே என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. அவர் விட்டுச்சென்ற தட்டுகளில் ஜெர்மன் அரங்குகளின் பாடகியையும் அமெரிக்க அரங்கின் பாடகியையும் கேட்கிறோம். தன் மக்களின் முன் நின்ற பாடகியைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

1918 அக்டோபரில் செக்கோஸ்லோவாகியா பிறந்தது. அவர் தம் பெயரின் கடைசி மாற்றத்தைச் செய்தார். செக் மொழியில் பெண்ணின் குடும்பப் பெயர் பொதுவாக ‘ஓவா’ என்ற விகுதியுடன் முடியும். எம்மி டெஸ்டின் என்று உலகம் அறிந்தவர், எமா டெஸ்டினோவா ஆனார். பிறப்பில் வந்த கிட்லோவா என்ற பெயருக்கு அவர் திரும்பிப் போயிருக்கலாம். அதில் செக் விகுதி முன்பே இருந்தது. அவரோ ஆசிரியையின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, தாய்மொழியின் விகுதியை அதில் சேர்த்துக்கொண்டார். இரண்டு கடன்களையும் ஒரே சொல்லில் எழுதிவிட்டார் என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

விடுதலை பெற்ற நாடு அவரை மாலையிட்டு வரவேற்றது, வேலை தரவில்லை. இளமையில் கதவை மூடிய தேசிய அரங்கு, இப்போது விருந்தினராக அழைத்துச் சிறப்பித்ததே தவிர, நிலையான இடம் ஒன்றை அவருக்குக் கொடுக்கவில்லை. 1919இல் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் மீண்டும் போனார். சில ஆண்டுகள் விலகியிருந்தவருக்காக எந்த அரங்கும் காத்திருப்பதில்லை. புதிய குரல்கள் வந்துவிட்டிருந்தன. மெட்ரோபொலிட்டனில் இரண்டு பருவங்களுக்குள் அவருடைய மேடைவாழ்வு முடிந்தது. ஸ்ட்ராஷுக்குத் திரும்பி, நாவல்கள் எழுதினார், மீன் பிடித்தார், 1923இல் தம்மைவிட வயதில் மிகவும் இளையவரான முன்னாள் விமானப்படை அதிகாரி யோசப் ஹல்ஸ்பாக்கை மணந்தார். தம்மைத் தேடி வந்த இளம் குரல்களுக்குப் பாட்டும் சொல்லிக்கொடுத்தார்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி, பிராக் நகரில் 1907இல் பிறந்த யார்மிலா நோவோட்னா. இரண்டு பேருடைய குரலும் ஒன்றல்ல. டெஸ்டினோவாவின் குரலில் இருந்த நாடகக் கனம் நோவோட்னாவிடம் இல்லை. மெல்லிய, தெளிந்த, முகபாவத்தோடு ஒட்டிப் பேசும் குரல் அவருடையது. நல்ல ஆசிரியரை இங்கேதான் அடையாளம் காண முடியும். தம் குரலை மாணவியின் தொண்டையில் நட முயல்கிறவர் அந்தக் குரலைக் கெடுத்துவிடுவார். சலோமேயைப் பாடிய ஆசிரியை, தன் மாணவியை அந்த வழியில் தள்ளவில்லை. 1925இல், பதினேழே வயதில், பிராக் தேசிய அரங்கில் நோவோட்னாவின் அரங்கேற்றம் நடந்தது. வேடம், மர்ஷெங்கா. பதினாறு ஆண்டுகளுக்கு முன் நியூயார்க்கில் ஆசிரியை ஜெர்மனில் பாடிய பாத்திரத்தை, ஆசிரியையை ஏற்க மறுத்த அதே அரங்கில், மாணவி செக் மொழியில் பாடினாள். 1929இல் நோவோட்னா பெர்லினுக்குப் போனபோது அவர் சேர்ந்ததும் க்ரோல் ஓபராவில்தான்.

டெஸ்டினோவா அதிக நாள் இருக்கவில்லை. 1930 ஜனவரி 28 அன்று, ஸ்ட்ராஷுக்கு அருகிலுள்ள பெரிய நகரமான செஸ்கே புடெயோவிட்சேயில் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். 52 வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. பிராக் நகரில் வல்டாவா ஆற்றுக்கு மேலே விஷேஹ்ராட் குன்றில், செக் நாட்டின் கலைஞர்களும் அறிஞர்களும் துயிலும் கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள்.

மாணவியின் வழி நீண்டது. 1934 ஜனவரியில் வியன்னா அரசு ஓபராவில் லெஹாரின் ‘ஜூடித்தா’ முதன்முறையாக மேடையேறியபோது ரிஷார்ட் டௌபருடன் நோவோட்னா பாடினார். 1937இல் சால்ஸ்பர்க்கில், ஆசிரியையின் நியூயார்க் முதல் இரவை நடத்திய அதே தொஸ்கனினியின் கீழ் மோட்சார்ட்டின் பமீனாவாகப் பாடினார். 1939 மார்ச்சில் ஹிட்லரின் படை பிராக் நகருக்குள் நுழைந்தது. 1940 ஜனவரியில் நோவோட்னா மெட்ரோபொலிட்டன் மேடையில் ஏறினார். அடுத்த பதினாறு ஆண்டுகள் அந்த அரங்கு அவருடையதாக இருந்தது.

1942 ஜூன் 10 அன்று நாஜிகள் பிராக் நகருக்கு அருகிலுள்ள லிடிட்சே என்ற கிராமத்தின் ஆண்களைச் சுட்டுக் கொன்று, பெண்களை முகாம்களுக்கு அனுப்பி, வீடுகளைத் தரைமட்டமாக்கினார்கள். அந்த ஆண்டு நோவோட்னா அமெரிக்காவில் செக் நாட்டுப்பாடல்களைப் பாடிப் பதிவுசெய்தார். தொகுப்பு லிடிட்சேயின் பெயரைத் தாங்கி வெளிவந்தது. பெரிய வாத்தியக்குழு இல்லை, உச்சக் குரல் இல்லை. பியானோவுடன் ஒரு பெண், தன் ஊர்க்காரர்கள் வேலையிலும் திருமணத்திலும் பாடும் பாட்டுகளைப் பாடுகிறார். பியானோ வாசிப்பவர் தொழில்முறை இசைக்கலைஞர் அல்லர். 5,000 கொருனா பணத்தாளில் இருக்கும் முதல் குடியரசுத் தலைவரின் மகன், நாடு கடந்த செக்கோஸ்லோவாக்கிய அரசின் வெளியுறவு அமைச்சர், யான் மாசரிக்.